முலாம் உரிந்த ஜிப்பும் கோவை கடைக்காரரும்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். ஓணத்துக்காகக் கோவையில் ஒரு கடையில் வெளிநாட்டு பிராண்டு ஹேண்ட்பேக்கும் பர்ஸும் 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். 'ஒரிஜினல்தான்' என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் உறுதி சொன்னார். இரண்டே மாதத்தில் ஜிப் ரன்னரில் முலாம் உரிந்துவிட்டது. கொக்கியில் பிராண்டின் பெயரும் கோணலாக இருக்கிறது. 'விற்றது விற்றதுதான், கேஸ் போட்டாலும் கோவைக்குத்தான் வரணும்' என்கிறார். பேசாமல் யாருக்காவது விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீர்கள். போலி என்று தெரிந்தே கைமாற்றினால், 1999ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னங்கள் சட்டத்தின் 104ஆம் பிரிவு உங்கள் மேலேயே பாயலாம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம்.

கோவைக்குப் போக வேண்டியதும் இல்லை. பழைய 1986 நுகர்வோர் சட்டத்தையே கடைக்காரர்கள் இன்னும் மனதில் வைத்திருக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுங்கள். மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளத்தைத் தாண்டி அவர் வரட்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லில் 'திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருப்பது போலிப் பொருளை விற்றவரைக் காப்பாற்றாது.

சிக்கல் நிரூபிப்பதில்தான். ரன்னரில் முலாம் போன இடத்தில் சாம்பல் நிறம் தெரிந்தால் போலி என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அசல் பைகளிலும் துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசிய கொக்கிகள் உண்டு. ஜிப்பில் 'ஒய்.கே.கே.' என்று பிரபல ஜிப் நிறுவனத்தின் பெயர் இருப்பதும் சாட்சியாகாது. பையையே காப்பியடிப்பவனுக்கு மூன்று எழுத்து பெரிதா? கோணல் எழுத்து, வளையத்துக்கு ஒரு தங்க நிறம் ரன்னருக்கு வேறு நிறம் என்பதெல்லாம் சந்தேகத்துக்கு வலுவான காரணங்கள். ஆனால் ஆணையத்துக்கு அது மட்டும் போதாது.

எனவே எதையும் கழற்றாதீர்கள், சாயம் போட்டுத் தேய்க்காதீர்கள், ரிப்பேர் கடைக்கும் கொடுக்காதீர்கள். கொக்கி, ரன்னர், உள்பக்க எண் எல்லாவற்றையும் நெருக்கமாகப் படமெடுத்து, இது உங்கள் தயாரிப்பா என்று அந்த பிராண்டின் இந்திய அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அவர்கள் மௌனமாக இருந்தால், அதே நுகர்வோர் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி பொருளை ஆய்வுக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே மனு கொடுக்கலாம்.

புகார் கொடுக்கும் முன் பதிவுத் தபாலில் கடைக்காரருக்கு 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல் முழுதும் ஒருமுறை படித்துப் பாருங்கள். எங்காவது அவர் 'ஃபர்ஸ்ட் காப்பி' (அசலைப் போலவே செய்த நகல்) என்று எழுதி, நீங்கள் சரி என்றிருந்தால், நோட்டீஸ் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் அதைக் காட்டிவிடுங்கள்.