பொருள் என்றால் என்ன பொருள்?

'பொருள்' என்ற சொல்லைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் தமிழாசிரியர் ஒருவரின் பதில்களும்.

கேள்வி: செல்வம், பண்டம், அர்த்தம் மூன்றுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

பதில்: 751ஆம் குறளை வாய்விட்டுப் படியுங்கள்.

"பொருளல் லவரைப் பொருளாகச் செய்யும்
பொருளல்லது இல்லை பொருள்."

முதல் இரண்டும் மதிப்பு. மூன்றாவது பணம். நான்காவது, ஒரு பொருட்டாக எண்ணத்தக்கது. 'எண்ணத்தக்கது' என்பதுதான் அடிநாதம் என்று நான் கொள்கிறேன். பேச்சை அலட்சியம் செய்தவனை 'பொருட்படுத்தவில்லை' என்கிறோமே, அங்கே பணமா இருக்கிறது? சொல்லைத் தனியே பிய்த்துக்கொண்டு வராதீர்கள், வாக்கியத்தோடு வாருங்கள்.

கேள்வி: பொருட்பால் முழுவதும் பணம் பற்றியதா?

பதில்: இல்லை. 70 அதிகாரங்களில் பணம் ஈட்டுவதற்கென்றே இருப்பது 'பொருள் செயல்வகை' ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் ரேஷன் கடைப் பலகையில் 'பொருட்கள் இல்லை' என்று சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள். பொருள்களா, பொருட்களா?

பதில்: அரிசி இல்லாத கவலையை விட்டு இதைக் கேட்கிறீர்களே, வாழ்க! பொருள்கள். 'பொருட்பால்' என்பதில் ள், ட் ஆகத் திரியும்; அது இரண்டு சொற்களின் சேர்க்கை. 'கள்' வெறும் விகுதி. தோள்களைத் தோட்கள் என்றும் விரல்களை விரற்கள் என்றும் யாராவது எழுதுகிறார்களா?

கேள்வி: அப்படியானால் முட்கள், கற்கள், சொற்கள் எல்லாம் பிழையா? அங்கேயும் விகுதிதானே?

பதில்: நல்ல அடி. 'வெறும் விகுதி' என்ற என் காரணம் போதாது, திருத்திக்கொள்கிறேன். முள், கல், சொல், பல், புல் ஆகியவற்றைப் பாருங்கள்: எல்லாம் தனிக்குறிலை, அதாவது ஒற்றைக் குறில் எழுத்தை, அடுத்த மெய். அங்கே திரிகிறது. தோள், வாள், விரல், கடல் அப்படியல்ல; திரிவதில்லை. பொருள் இந்த இரண்டாம் கூட்டத்தில்தான் உட்காருகிறது.

கேள்வி: நன்னூல் இலக்கணம் அல்வழியில் (வேற்றுமைப் பொருள் இல்லாத சேர்க்கையில்) திரிவது, திரியாதது இரண்டுக்கும் இடம் தருகிறதே, ஐயா?

பதில்: தருகிறது. அதனால் 'பொருட்கள்' என்று எழுதியவரை நான் அடிக்கப் போவதில்லை. சிவப்பு மையால் ஒரு சுழி மட்டும் போடுவேன்.

கேள்வி: ஆட்களா, ஆள்களா?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: நாட்கள் சரியா?

பதில்: மேலே! 'நாட்கள்' என்றால் நாள்பட்ட கள் என்று கேலி செய்பவர்களும் உண்டு. குடிப்பது உங்கள் விருப்பம்.

கேள்வி: மகனுக்கு 'மெய்ப்பொருள்' என்று பெயர் வைக்கலாமா?

பதில்: தாராளமாக. நாயன்மார் 63 பேரில் ஒருவர் பெயர் அது. ப் விடுபடாமல் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: வாள்கள்...

பதில்: மேலே.