பீங்கானா, காகிதத் தட்டா?

ஆச்சி, பொங்கலுக்குப் பெரிய வீட்டில் முப்பது பேர் கூடுகிறோம், மாமியார் வைத்த பீங்கானை இறக்கவா, காகிதத் தட்டு வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள்.

மதியப் பந்திக்கு வாழை இலைதான், யோசிக்கவே வேண்டாம். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் தெர்மாகோல் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. (கடையில் இன்னும் கிடைக்கத்தான் செய்கிறது!) காலைப் பலகாரத்துக்குப் பாக்குமட்டைத் தட்டு போதும்.

பீங்கானைப் பூட்டியே வைக்காதீர்கள். வெள்ளைப் பணியாரம், சீடை, தேன்குழல் பரிமாற எடுங்கள். பழைய பீங்கானின் மெருகில் ஈயம் இருக்கலாம். புளி சேர்ந்த குழம்பு, ரசம் அதில் வேண்டாம். தங்க விளிம்புள்ளதை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். மங்குத் தட்டில் (எனாமல் பூசிய இரும்புத் தட்டு) சில்லு பெயர்ந்திருந்தால் சாப்பிட ஆகாது, சுவரில் மாட்டிவிடுங்கள். பீங்கானைக் கழுவும்போது உடையாமல் இருக்கத் தொட்டிக்குள் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.