சிவப்புக் காரும் பச்சைக் களிம்பும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாகனம் பற்றியவை. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்கள் என்ன விலைக்குப் போயின என்பது ஊருக்கே தெரியும். அந்த விலை கொடுத்தவர்கள் இப்போது பேனா எடுத்திருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கம்பனிகளின் பெயர்களையும் வெட்டிவிட்டேன். இங்கே வந்திருக்கும் நோய்களில் பல கம்பனியில் இல்லை, கம்பியில் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வாசகர்: ஏழு மாதத்துக்கு முன் 2008ஆம் ஆண்டுத் தயாரிப்பான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விற்பனை நிலையத்தில் வாங்கினேன். இரண்டு கதவு. சுவிஸில் இருக்கும் அண்ணா அனுப்பிய பணம். மூன்று நாள் ஓடாமல் நின்றால் பற்றரி இறங்கிவிடுகிறது. ஓடும்போது டாஷ்போட்டில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்து அணைகின்றன. சில நாள்களில் ஸ்டியரிங் இறுகிவிடுகிறது. மழை பெய்தால் இடப்பக்கக் கண்ணாடி தானாக இறங்குகிறது. மூன்று கராஜ்களில் காட்டி, பற்றரி இரண்டு, ஓல்டனேட்டர் (ஓடும்போது பற்றரியை ஏற்றுவது) ஒன்று, சென்சர் இரண்டு மாற்றியாயிற்று. இப்போது 'கொம்பியூட்டர் பெட்டி'யையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். அந்தப் பணத்தில் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். மிச்சத்தை அண்ணாவுக்கே திருப்பி அனுப்புங்கள்.

மூன்று கராஜ், ஐந்து சாமான். இவ்வளவுக்கும் யாராவது எதையாவது அளந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. (முழுக் கடிதமும் நான்கு பக்கம், இரண்டு முறை தேடினேன்.) காய்ச்சல் என்று போனவனுக்கு வெப்பமானி வைக்காமல் ஈரலை மாற்றி, காய்ச்சல் நிற்கவில்லை என்றதும் சிறுநீரகத்தையும் மாற்றிய கதை இது.

முதலில் பற்றரியைப் பார்ப்போம். அதன் மறைமுனைக் (கழித்தல் குறி உள்ள முனை) கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் நடுவில் மீட்டரை அம்பியர் அளவில் கோத்துவிடுங்கள். கதவுகளைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் போய்த் தேநீர் குடியுங்கள். காருக்குள் இருக்கும் சிறு கணினிகள் உறங்க அவ்வளவு நேரம் எடுக்கும். இடையில் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது. திருப்பினால் மீட்டரின் பியூஸ் போய்விடும். திரும்பி வந்து பார்க்கும்போது 50 மில்லி அம்பியருக்குக் கீழே நின்றால் சுகம். அரை அம்பியர் காட்டினால் நாளொன்றுக்கு 12 அம்பியர்-மணி ஒழுகுகிறது என்று கணக்கு. மூன்று நாளில் 36. சிறிய காரின் பற்றரியில் மொத்தமாக இருப்பதே 40 சொச்சம். நீங்கள் எழுதிய மூன்று நாள் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? இனிப் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அந்த வழியில்தான் கள்ளன் ஒளிந்திருக்கிறான். முந்திய சொந்தக்காரர் பூட்டிய அலாரத்தையும் பாட்டுப் பெட்டியையும் முதலில் சந்தேகியுங்கள். கைமாறிய ஸ்போர்ட்ஸ் கார்களில் எவராவது எதையாவது பூட்டாமல் விட்டதை நான் இன்னும் காணவில்லை. கம்பியை முறுக்கி மேலே கறுப்பு டேப் சுற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

விளக்கு, ஸ்டியரிங் இரண்டின் நோய்க்கும் தாய் ஒன்றாகவே இருக்கலாம். ஸ்டியரிங் இப்போது மின்மோட்டாரால் திரும்புகிறது. அது ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கேட்கும். எஞ்சினுக்கும் உடலுக்கும் பற்றரிக்கும் இடையில் ஓடும் எர்த் கம்பியின் முனை அரித்துப்போயிருந்தால் அந்த நேரத்தில் மின்னழுத்தம் விழுகிறது, ஸ்டியரிங் இறுகுகிறது, உள்ளே இருக்கும் கணினிகள் ஒன்றன் பேச்சு மற்றதற்குக் கேட்காமல் எல்லா விளக்குகளையும் எரிய விடுகின்றன. ஸ்கேனரைப் பூட்டிப் பார்ப்பவர் 'சென்சர் பழுது' என்று வாசிக்கிறார். சென்சரின் குரல் வந்து சேரவில்லை என்பதுதான் அதன் பொருள். குரல் வராததற்காகத் தொண்டையை மாற்றிவிட்டார்கள்.

பொனட்டைத் திறந்து அந்த எர்த் கம்பியின் ஆணியைக் கழற்றுங்கள். அடியில் பாசி போலப் பச்சைத் தூள் இருக்கும். செப்புக் குடத்தைப் புளி போட்டு விளக்காமல் விட்டால் பிடிக்கும் அதே களிம்பு. கடற்காற்று மூன்று பக்கமும் அடிக்கும் குடாநாட்டில் அது வராவிட்டால்தான் வியப்பு. அரத்தாளால் வெள்ளை உலோகம் தெரியத் தேய்த்து, கிரீஸ் பூசி இறுக்குங்கள். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் மறைமுனையிலும் மற்றதை எஞ்சினிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் இன்னும் தேய்க்கலாம்.

மழைக்கு இறங்கும் கண்ணாடிக்கு வேறு வழக்கு. எங்கே நிறுத்துகிறீர்கள்? வேப்பமரத்தின் கீழே என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். வைப்பர் நிற்கும் பள்ளத்தின் இரு ஓரத்திலும் தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. வேப்பஞ்சருகு அதை அழகாக அடைக்கும். ஐப்பசி மழைத் தண்ணீர் அங்கே குளமாக நின்று, அடுத்த வழி தேடி உள்ளே இறங்கும்; பல கார்களில் அந்த வழியில்தான் பியூஸ் பெட்டியும் அதன் கம்பிகளும் இருக்கின்றன. கதவு ரப்பரையும் சுவிட்சையும் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு முன் ஒரு ஈர்க்கை எடுத்து ஓட்டையைக் குத்துங்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2010இல், யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதையால் ஊர் போய் வரத் தொடங்கிய நாள்களில், கொழும்பில் ஒரு வெள்ளைக் கார் வாங்கினேன். நான் போய் இறங்கியபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "ஐயா வருவார் என்று சூடாக்கி வைத்தேன்" என்றார் விற்றவர். அந்த உபசாரத்தில் உருகிப்போனேன். "புதுப் பற்றரி, பழகும்வரை வழியில் அணைக்க வேண்டாம்" என்றும் சொன்னார். பற்றரி என்ன கன்றுக்குட்டியா, பழகுவதற்கு? அன்றைக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. வழியில் முறிகண்டியில் எல்லோரையும் போல நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஓர் ஒலி. அவ்வளவுதான். கச்சான் விற்ற பெண்கள் சிரிக்க, லொறிச் சாரதிகள் மூவர் தள்ளிவிட்டார்கள். எஞ்சினின் எர்த் கம்பி இருந்த இடத்தில் வீட்டுக்கு லைட் போடும் மெல்லிய கம்பி கட்டியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எட்டு மாதமும் இரண்டு பற்றரியும் போயின. கம்பியின் விலை கச்சான் பொட்டலத்தை விடக் கொஞ்சம் கூட.

இனி என் வழமையான புலம்பல். சாமான் மாற்றும்போது பழையதைக் கையில் வாங்குகிறீர்களா? இல்லை. ஏன்? "அழுக்கு." அந்த அழுக்குதான் உங்கள் சாட்சி. கழற்றிய ஓல்டனேட்டர் உங்கள் கையில் இருந்தால் இன்னொருவரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். நல்லதாக இருந்தால் திரும்பப் போய்க் கேட்கலாம். இல்லாவிட்டால் அது கராஜின் பின்பக்கம் கழுவப்பட்டு, அடுத்த வாரம் இன்னொருவருக்கு 'ஜப்பான் ரீகண்டிஷன்' ஆகப் போகக்கூடும். கோழி வாங்கினால் ஈரலும் கழுத்தும் வந்ததா என்று எண்ணிப் பார்க்கிற மக்கள் நாங்கள். இருபது முப்பதாயிரம் ரூபாய்ச் சாமானைத் திரும்பிப் பார்க்காமல் வருகிறோம். பற்றுச்சீட்டும் கேட்பதில்லை; கேட்டால் 'அண்ணை' கோபிப்பாராம். வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது சட்டம். என்ன சாமான், எந்த இலக்கம், எத்தனை மாத உத்தரவாதம் என்று அதில் எழுத வைக்க வேண்டும். கோபித்தால் கோபிக்கட்டும். நான் மூன்று கராஜ்காரரோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு குறையும் வந்துவிடவில்லை.

விற்றவரைப் பிடிக்கலாமா என்று கடைசி வரியில் கேட்கிறீர்கள். ஏழு மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது கேட்கிறீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். இனி ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அதற்கு முன் அந்த ஆணியைக் கழற்றிப் பாருங்கள்.

உடுவில் வாசகர்: ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பார்த்தேன். இரவு எட்டு மணிக்குத்தான் காட்ட முடியும் என்றார்கள். மஞ்சள் நிறம், மிக அழகு. ஐந்து இலட்சம் முற்பணம் கொடுத்துவிட்டேன். ஓட்டிப் பார்க்கவில்லை. நல்ல கார்தானா?

இருட்டில் பார்த்தால் எல்லாக் காரும் நல்ல கார். பகலில் போய், எஞ்சின் ஆறியிருக்கும்போது, உங்கள் கையாலேயே ஸ்டார்ட் செய்து பாருங்கள். பொனட்டைத் தொட்டுச் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிட்டு மறுநாள் போங்கள். முற்பணத்துக்கு எழுத்து வாங்கவில்லை என்று ஊகிக்கிறேன்.

மானிப்பாய், ஓய்வுபெற்ற ஆசிரியை: ஐந்து வாரத்துக்கு முன் கொழும்பு விற்பனை நிலையம் ஒன்றில், மகன் அனுப்பிய பணத்தில் அவன் ஆசைப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினோம். ஜப்பானில் இருந்து வந்தது. ஹோர்ன் நடுச்சாமத்தில் தானாக ஒலிக்கிறது. கதவுப் பூட்டு சொல்வழி கேட்பதில்லை. அயலில் உள்ள பிள்ளை ஒருவன் ஆசனப் பட்டியைக் கடைசிவரை இழுத்துக் காட்டினான். நுனியில் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பு நிறம், அதற்கு மேல் ஒரு கோடு. விளம்பரம், பற்றுச்சீட்டு, ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதிய ஏலத் தாள் எல்லாம் கோவையில் வைத்திருக்கிறேன். நான் ஏமாந்துவிட்டேனா?

அம்மா, நீங்கள் ஏமாறவில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இரண்டும் வேறு. நீங்கள் எல்லாவற்றையும் கேட்டு, எல்லாவற்றையும் வாங்கி, கோவையிலும் போட்டிருக்கிறீர்கள். இந்த மாதம் எழுதியவர்களில் அப்படிச் செய்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அந்தக் கோடு தண்ணீர் நின்ற கோடாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவி, ஆசன உறை மாற்றி, வாசனை அடித்துவிடலாம். சுருளுக்குள் இருக்கும் பட்டியைக் கழுவ மறந்துவிடுவார்கள். இனி எதையும் துடைக்கவும் திருத்தவும் வேண்டாம். அந்தப் பிள்ளையையே கூப்பிட்டு, ஆசனம் ஓடும் தண்டவாளத்தின் அடி, தரை விரிப்பின் கீழ், மேலதிக சில்லு இருக்கும் குழி மூன்றையும் படம் எடுங்கள். நுண்ணிய சேறு மூலைகளில் இருக்கும். ஏலத் தாளின் பிரதியை அப்படியே நம்பாமல், சேசி இலக்கத்தைக் கொண்டு வேறு ஒருவர் மூலம் தனியாக எடுப்பித்து ஒப்பிடுங்கள்.

பிறகு கடிதம். விற்றவருக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. பணத்தைத் திருப்பித் தரும்படி திகதியிட்டுக் கேளுங்கள். தொலைபேசியில் இனிமையாகப் பேசுவார்கள், 'ஒருக்கால் கொண்டுவாருங்கள் பார்ப்போம்' என்பார்கள், நாள் கடத்தத்தான். அதிகார சபைக்கு இன்னொன்று. அந்தச் சபையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி உங்களுக்கு இன்னும் ஏழு வாரத்துக்கு மேல் இருக்கிறது. சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம், ஆனால் எழுத்துத்தான் எழுத்து. விவரித்து விற்ற பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்று 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. 'விற்ற பிறகு நாங்கள் பொறுப்பல்ல' என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நடந்ததை எனக்கு எழுதுங்கள். விடமாட்டேன்.

கோண்டாவில் வாசகர்: என் காருக்கு ஆயிரம் வாட் அம்ப்ளிஃபயர் போடப்போகிறேன். பற்றரியிலிருந்து நேரே கம்பி இழுத்தால் போதும், பியூஸ் தேவையில்லை என்கிறான் நண்பன்.

நண்பனை மாற்றுங்கள்.

கரவெட்டி வாசகர்: இரண்டு வருடத்துக்கு முன் காரை 'ஓப்பன் பேப்பரில்', அதாவது பெயர் மாற்றாமல் கையொப்பம் மட்டும் போட்டு, விற்றேன். இப்போது எங்கோ விபத்து என்று பொலிஸ் என்னைத் தேடுகிறது. நான்தான் விற்றுவிட்டேனே?

பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அப்படியென்றால் பொலிஸின் கண்ணில் கார் உங்களுடையது. வேறு யாரோ ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான். வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதி, பணம் வந்த வங்கிச் சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியோடு பொலிஸுக்குப் போங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பெயரை மாற்றாமல் வாகனத்தைக் கையளிக்காதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே மறந்துவிட்டது.

புத்தூர் வாசகர்: விற்றவர் எங்கள் உறவினர். அதனால் பற்றுச்சீட்டு வாங்கவில்லை. யாரிடம் முறையிடுவது?

பெரியம்மாவிடம்.

கொக்குவில் வாசகர்: எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்களே, இப்போது நீங்கள் என்ன கார் வைத்திருக்கிறீர்கள்?

கார் இல்லை. மோட்டார் சைக்கிள். போன சனிக்கிழமை அதன் பற்றரிக்கு ஒரு சார்ஜர் வாங்கினேன். வீட்டில் கொண்டுவந்து செருகியதும் பச்சை விளக்கு எரிந்து 'நிறைந்துவிட்டது' என்றது. பற்றரியை இன்னும் இணைக்கவே இல்லை. கடையில் ஒருமுறை செருகிக் காட்டச் சொல்லியிருக்கலாம். பெட்டி அழகாக ஒட்டியிருந்தது, பிரிக்க மனம் வரவில்லை. பற்றுச்சீட்டு இருக்கிறது. திங்கட்கிழமை போகிறேன்.