எறியப்பட்ட மட்டை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பேஸ்போல் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். 2015இல் ரொறன்ரோ புளூ ஜேஸ் வீரர் ஹோசே பௌட்டிஸ்டா ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்துவிட்டு மட்டையை வீசி எறிந்ததை நீங்கள் கொண்டாடி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இங்கே ஒரு சிறுவர் அணிக்கு விளையாடுகிறான். போன மாதம் தன் முதல் ஹோம் ரன்னை அடித்தான். அடித்த கையோடு மட்டையைச் சுழற்றி மேலே எறிந்துவிட்டு ஓடினான். பந்து போட்ட பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அடுத்த ஆட்டம் முழுக்கப் பயிற்சியாளர் மகனை வாங்கிலேயே இருத்திவிட்டார். "எங்கள் அணியில் இப்படிச் செய்வதில்லை" என்று மட்டும் சொன்னாராம். மகன் இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. பயிற்சியாளரிடம் போய்க் கேட்கச் சொல்லி மனைவி வற்புறுத்தினா. நான் போகவில்லை. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவர்கள். சதம் அடித்தால் மட்டையை உயர்த்திக் காட்டுவோம், அதோடு சரி. தோற்றவனுக்கு முன்னால் ஆடுவது பண்பில்லை என்றுதான் எங்கள் மாஸ்டர்மார் சொல்லித் தந்தார்கள். ஹோம் ரன் அடித்தவர் மட்டையை எறிந்து ஆடக்கூடாது என்பது எழுதாத விதி என்றாலும் விதி விதிதானே? மகனுக்கு நான் என்ன சொல்வது?

எஸ்.,
ஸ்காபரோ, ரொறன்ரோ

*

அன்புள்ள எஸ்.,

பந்து போட்ட பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. என் கட்டுரையில் அந்த இடத்தில் நின்ற மனிதரை நான் கவனிக்கவே இல்லை. 2015இல் அங்கே நின்றவர் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் சாம் டைசன். பௌட்டிஸ்டா ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டும் என்று அன்றே வருத்தப்பட்டார். அவருக்கு வலித்தது. அதையும் நான் எழுதியிருக்க வேண்டும்.

அந்த ஆட்டத்தை நான் உங்கள் ஊரில்தான் பார்த்தேன், ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில். 2015 அக்டோபர் 14. 1993க்குப் பிறகு டொரண்டோ அதுவரை பிளேஆஃப் (பருவத்தின் இறுதிச் சுற்றுகள்) பக்கமே போனதில்லை. தொடரின் கடைசி ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ். டொரண்டோவின் கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) ரஸ்ஸல் மார்ட்டின் பந்தைச் சும்மா பிட்சரிடம், அதாவது பந்து போடுபவரிடம், திருப்பி எறிந்தார். அது எதிரே நின்ற பேட்டரின் மட்டையில் பட்டு உருண்டது. மூன்றாவது பேஸில், அதாவது ரன் எடுக்கச் சுற்றி ஓடும் நான்கு இடங்களில் மூன்றாவதில், இருந்த டெக்சாஸின் ரூக்னட் ஓடோர் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார். விதிப்படி அது செல்லும். ஆனால் அரங்கம் கொதித்தது, பியர் கேன்கள் மைதானத்தில் வந்து விழுந்தன. பிறகு டெக்சாஸ் வரிசையாக மூன்று பந்துகளைக் கோட்டைவிட்டது. அந்த ஒரு இன்னிங்ஸ் மட்டும் 53 நிமிடம் நீண்டது. ஆட்டம் 3-3 என்று நின்றபோது பௌட்டிஸ்டா அடித்தார். பேஸ்களில் நின்ற இருவரும் சேர்ந்து வந்ததால் மூன்று ரன். ஒரு கணம் அசையாமல் நின்று பார்த்தார். அப்புறம் கையில் இருந்ததை வேண்டாம் என்று தள்ளுவதுபோல மட்டையை வீசினார். நண்பரின் அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அதுவரை பேஸ்பாலைக் காது கொடுத்துக்கூடக் கேட்காதவர். அவர் எழுந்து நின்று கைதட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

1993இலும் இதே ஊரில் இதே அணிக்காக ஜோ கார்ட்டர் ஒரு ஹோம் ரன் அடித்தார். வட அமெரிக்காவின் மேஜர் லீக் பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடரையே முடித்துவைத்த அடி அது. பேஸ்களைச் சுற்றித் துள்ளித் துள்ளிக் குதித்துக்கொண்டே ஓடினார். அந்தத் துள்ளல் பிட்சருக்கு அவமானம் என்று யாரும் வழக்குப் பேசவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எழுதாத விதியும் விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விதியைச் சொல்லும்போது அதற்கான தண்டனையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இந்த விதியின் தண்டனை என்ன தெரியுமா? உடம்பைப் பார்த்துப் பந்தை எறிவது.

2016 மே 15, டெக்சாஸின் ஆர்லிங்டன். ஏழு மாதம் கழிந்திருந்தது. அந்தப் பருவத்தில் இரண்டு அணிகளும் வழக்கமான அட்டவணையில் மோதிய கடைசி ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். டெக்சாஸ் பிட்சர் மாட் புஷ் பௌட்டிஸ்டாவின் விலாப் பக்கம் பந்தை எறிந்தார். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகம். புஷ் மேஜர் லீக்குக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மட்டை எறியப்பட்ட அன்று அவர் அந்த அணியிலேயே இல்லை. பௌட்டிஸ்டா ஆத்திரத்தோடு இரண்டாவது பேஸில் போய்ச் சறுக்கி மோதினார், அங்கே நின்ற ஓடோர் அவர் தாடையில் குத்தினார். ஓடோருக்கு எட்டு ஆட்டத் தடை, மேல்முறையீட்டில் ஏழாகக் குறைந்தது. ஒரு மட்டை காற்றில் சுழன்றதற்கு இத்தனையும்.

அந்தப் பந்தின் எடை ஏறக்குறைய 145 கிராம். கையில் வாங்கிப் பார்த்திருப்பீர்கள், கல் மாதிரி இருக்கும். 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் கிளீவ்லாந்து அணி வீரர் ரே சாப்மனின் தலையில் ஒரு பந்து பட்டது. மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். அது பழிவாங்க எறிந்த பந்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழிவாங்க எறிகிற பந்தும் அதே பந்துதான், அதுவும் கை தவறும். விலாவுக்குக் குறிவைத்தது தலைக்குப் போகாது என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? ஒருவனின் சந்தோஷம் என் மனதைப் புண்படுத்தியது, ஆகவே அவன் எலும்பை உடைக்க எனக்கு உரிமை உண்டு என்று சொல்லும் விதியை நான் பண்பு என்று ஏற்க மாட்டேன்.

இன்னொன்று. இந்த விதி யாருடைய பழக்கத்திலிருந்து வந்தது? இன்றைக்கு மேஜர் லீக் வீரர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள். அவர்களில் அதிகம் பேர் பௌட்டிஸ்டாவைப் போல டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவர்கள். அங்கே பேஸ்பால் என்றால் மேளமும் பாட்டும் கூச்சலும்தான். தென் கொரியாவில் மட்டையை எறிவதற்கென்றே ஒரு பெயர் உண்டு, 'ப்பாதொன்'. மட்டை, எறிதல் என்ற இரண்டு சொற்களை வெட்டி ஒட்டிய சொல். அங்கே பிட்சர் அதை மனதில் வைத்துக்கொண்டு மறுநாள் பழி தீர்ப்பதில்லை. அதற்காக இதை வெள்ளையர், லத்தீன்காரர் சண்டை என்று சுலபமாகப் பிரித்துவிடவும் கூடாது. குத்திய ஓடோர் வெனிசுவேலாக்காரர்.

இந்த விதிகளில் சில எனக்குப் புரியவே இல்லை. 2020 ஆகஸ்டில் சான் டியேகோவின் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியருக்கு 21 வயது. அணி 10-3 என்று முன்னிலையில் இருந்தது. எதிரணி பிட்சர் மூன்று பந்துகளை வெளியே போட்டிருந்தார். நான்காவதும் வெளியே போனால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம், ஆகவே அடுத்ததை நேராகப் போட்டே ஆக வேண்டும். இவ்வளவு முன்னிலையில் அந்தப் பந்தை அடிக்காமல் விட்டுவிட வேண்டும் என்பது எழுதாத விதி. அந்தப் பிள்ளை அடித்தான், நான்கு ரன். உடனே வந்த அடுத்த பிட்சர், அடுத்த பேட்டரான மானி மச்சாடோவின் முதுகுப் பக்கமாக எறிந்தார். அடித்தது ஒருவர், பந்து வந்தது வேறொருவரைப் பார்த்து. டாட்டிஸ் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேச வேண்டியதாயிற்று. நன்றாக அடித்ததற்கு! பழைய தலைமுறையின் பெரிய கேட்சர் ஜானி பென்ச் டாட்டிஸ் பக்கம் நின்றார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். எறிந்தவருக்கு லீக் மூன்று ஆட்டத் தடை விதித்தது.

அப்படியானால் மைதானத்தில் மரியாதை என்று ஒன்றுமே வேண்டாமா? வேண்டும். அதை நான் பார்த்த இடம் வேறு.

2010 ஜூன் 2, டெட்ராய்ட். வெனிசுவேலாவின் அர்மாண்டோ கலாராகா பந்து வீசிக்கொண்டிருந்தார். 26 பேர் வந்தார்கள், 26 பேரும் அவுட். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. இன்னும் ஒரே ஒருவர் அவுட் ஆனால் அது பர்ஃபெக்ட் கேம். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலான மேஜர் லீக் வரலாற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே நடந்த விஷயம். 27ஆவது பேட்டர் தரையோடு அடித்தார். அவர் முதல் பேஸுக்கு வந்து சேரும் முன்பே கலாராகா ஓடிப்போய் அங்கே பந்தை வாங்கினார். அவுட், சந்தேகமே இல்லை. ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கைகளையும் விரித்தார், சேஃப், அதாவது அவுட் இல்லை. கலாராகா அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அவ்வளவுதான். திரும்பி நடந்துபோய் அடுத்தவரை அவுட் ஆக்கினார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ், தன் தவறை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு கலாராகாவிடம் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்கும் ஜாய்ஸ்தான் நடுவர். வீரர்கள் பட்டியலை நடுவரிடம் கொடுக்க டெட்ராய்ட் அணி கலாராகாவை அனுப்பியது. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.

அந்தப் புன்னகையை எந்த விதியும் கேட்கவில்லை. கலாராகா கத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் மகன். 2025 ஜூலையில் நியூ ஜெர்சியில் இதே போல ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் ஹோம் ரன் அடித்து மட்டையை எறிந்தான். நடுவர் அவனை வெளியேற்றினார், அடுத்த ஆட்டத்துக்கும் தடை. அப்பா நீதிமன்றம் போனார், நீதிபதி பையனை விளையாட விட்டார். பெரியவர்கள் மட்டையை எறியும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டிவிட்டு, அதைப் பார்த்துச் செய்யும் பிள்ளையைத் தண்டிப்பது நியாயமா என்பதுதான் அந்தக் குடும்பத்தின் கேள்வி. நியாயமில்லை என்பதே என் பதிலும்.

நீங்கள் நீதிமன்றம் வரை போக வேண்டாம். ஆனால் பயிற்சியாளரிடம் போங்கள், உங்கள் மனைவி சொன்னது சரி. மட்டை கேட்சர் மேலோ நடுவர் மேலோ போய் விழும் என்று அவர் பயந்தால் அது நியாயமான பயம், மகன் அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் பருவம் தொடங்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொல்லாத ஒன்றுக்காக ஒரு பிள்ளையை மட்டும் வாங்கில் இருத்தியது தவறு. அதை அவரிடம் மரியாதையாகவே சொல்லலாம்.

மகனிடம் சந்தோஷப்பட்டது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் ஹோம் ரன் ஒரே ஒரு தடவைதான் வரும். அந்தப் பந்து போட்ட பிள்ளையின் பெயர் தெரியுமா என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும், அடுத்த முறை பார்க்கும்போது போய்ப் பேசட்டும். என்றைக்காவது அந்தப் பிள்ளை இவனை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிவிட்டுக் கையை உயர்த்திக் கத்தும். அன்றைக்கு இவன் முகம் சுளிக்காமல் திரும்பி வர வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

அன்புடன்.