காணி வைத்தியர் காட்டிய இலை: ஆய்வை எங்கே தொடங்குவது?

கேள்வி: முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். பேச்சிப்பாறை மலையில் காணிப் பழங்குடி வைத்தியர் ஒருவர் வீக்கத்துக்கு அரைத்துக் கட்டும் இலையைக் காட்டினார். அதிலுள்ள மருந்துப்பொருளைக் கண்டறிய எந்தக் கரைப்பானில் தொடங்கலாம்?

பதில்: அவருடைய பக்குவத்தில் தொடங்குங்கள். பச்சை இலையா, உலர்ந்ததா, நீர்விட்டு அரைக்கிறாரா, எண்ணெயில் காய்ச்சுகிறாரா என்று உடனிருந்து குறித்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் முதல் சாறு. சீனாவின் டு யூயூ குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறு எடுத்த பிறகுதான் மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் கைக்கு வந்தது. சூடு அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இனத்தை உறுதி செய்யுங்கள். இனம் தவறினால் பின்னால் செய்வதெல்லாம் வீண்.

பிறகு ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால் என வரிசையாகச் சாறெடுத்து, ஒவ்வொன்றும் வீக்கத்தைத் தடுக்கிறதா என்று சோதியுங்கள். வேலை செய்யும் சாற்றை மட்டும் நிறப்பிரிகைப் பத்தியில் (column) பிரித்து மீண்டும் சோதித்து, அதிலும் வேலை செய்யும் பகுதியோடு முன்னேறுங்கள். நிறமாற்றச் சோதனைகளோடு நின்றுவிடும் ஆய்வேடுகள் எனக்கு வருத்தம் தருகின்றன. டிராகண்டார்ஃப் கரைசலில் ஆரஞ்சு வீழ்படிவு வந்தால் ஆல்கலாய்டு என்ற வகைத் தாவர வேதிப்பொருள் இருக்கலாம் என்று பொருள். வீக்கம் வடியும் என்று பொருளல்ல. துவர்ப்புப் பொருள்களான டானின்கள் புரதங்களைப் பற்றிக்கொண்டு, சோதனையிலுள்ள நொதியை நிறுத்திப் பொய்யான நம்பிக்கை தரும். அவற்றை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள். வெறும் கரைப்பானையும், வீக்கம் குறைக்கும் மருந்தான டைக்ளோஃபினாக்கையும் பக்கத்திலேயே வைத்துச் சோதியுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மக்களின் சம்மதம் வேண்டும். 1987-ல் அகத்தியமலையில் வழிகாட்டிய காணிகள் களைப்பு நீங்கத் தின்ற ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தை உடன் சென்ற விஞ்ஞானிகள் கவனித்தார்கள். ஆய்வு இலைக்கு நகர்ந்து, திருவனந்தபுரத்துத் தாவரவியல் பூங்காவில் 'ஜீவனி' என்ற மருந்தானது. 1995-ல் அதைத் தயாரிக்கும் உரிமம் ஒரு மருந்து நிறுவனத்துக்குத் தரப்பட்டது. உரிமத் தொகையிலும் விற்பனையில் வரும் உரிமப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்பது ஏற்பாடு. ஆனால் அவர்களுக்கான அறக்கட்டளை 1997-ல்தான் பதிவானது. எல்லாக் காணிக் குடியிருப்புகளும் அந்த ஏற்பாட்டை ஏற்கவும் இல்லை.

எனவே வைத்தியரோடு நின்றுவிடாமல் ஊராரிடமும் பேசுங்கள். என்ன சோதிக்கிறீர்கள், செடியின் பெயரை வெளியிடலாமா, பலன் வந்தால் அவர்கள் பங்கு என்ன என்பதைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். காட்டில் பறிக்க வனத்துறை அனுமதி தேவை. காப்புரிமை எண்ணம் இருந்தால் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தை முன்கூட்டியே அணுகுங்கள்.