திருகுத் துளையைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும்?

கேள்வி: மின்சுற்றுப் பலகையில் எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) திருகுக்கு 3.4 மி.மீ. துளை வைத்து, துளை விளிம்பிலிருந்து 1 மி.மீ. தள்ளி டிரேஸ் (மின்சாரம் ஓடும் செம்புத் தடம்) போட்டிருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. அளக்க வேண்டியது துளையை அல்ல, அதன் மேல் அமரும் உலோகத்தை. உங்கள் டிரேஸ் மையத்திலிருந்து 2.7 மி.மீ. தொலைவில் இருக்கிறது, ஆலன் திருகின் தலைக்கே 5.5 மி.மீ. விட்டம் என்பதால், வாஷர் இல்லாவிட்டாலும் அது தலைக்கு அடியில் போய்விடுகிறது. வழக்கமான எம்3 வாஷரின் விட்டம் 7 மி.மீ.; அதுவும் நட்டநடுவில் நிற்பதில்லை. துளைக்குள் திருகு 0.2 மி.மீ. நகரும், 3.2 மி.மீ. உள்விட்டமுள்ள வாஷர் திருகைச் சுற்றி மேலும் 0.1 மி.மீ. நகரும், ஆகவே வாஷரின் விளிம்பு மையத்திலிருந்து 3.8 மி.மீ. வரை எட்டும். அதற்கு அப்பால் அரை மி.மீ. சேர்த்து, 8.6 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் டிரேஸோ பாகமோ வராதபடி தடை வையுங்கள். அடிப்பக்கத்தையும் மறக்க வேண்டாம்: பலகையைத் தாங்கும் சிறு தூணான 5.5 மி.மீ. அறுகோண ஸ்டாண்ட்ஆஃப் மூலைக்கு மூலை ஏறத்தாழ 6.4 மி.மீ. இருக்கும், இறுக்கியபின் அந்த மூலை எந்தத் திசையில் நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாது.

கேள்வி: மேலே செம்பை மூடும் சால்டர் மாஸ்க் பூச்சு இருக்கிறதே, அது காப்பாகாதா?

பதில்: ஆகாது. சில பத்து மைக்ரான் தடிமனே உள்ள அந்தப் பூச்சைத் திருகின் தலை சுழலும்போதே சுரண்டிவிடும்.

கேள்வி: 230 வோல்ட் பவர் சப்ளை பலகைக்கும் இதே கணக்குதானா?

பதில்: தொடக்கம் அதுவே, இடைவெளிதான் வேறு. மின்னிணைப்புள்ள செம்பிலிருந்து, எர்த் செய்யப்பட்ட பெட்டியைத் தொடும் திருகு வரை பலகையின் மேற்பரப்பு வழியே அளந்தால், சாதாரண எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) பலகையில் குறைந்தது 2.5 மி.மீ. வேண்டும், எர்த் இல்லாமல் கைபடும் உலோகமாயின் 5 மி.மீ. இவற்றை நகர்ந்து நிற்கும் வாஷரின் விளிம்பிலிருந்தே அளக்க வேண்டும். இடமில்லையெனில் துளையையே வேறிடத்துக்கு மாற்றுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கேள்வி: தடை வட்டத்துக்கு வெளியேதான் செராமிக் கெபாசிட்டர் இருக்கிறது. ஆனாலும் பொருத்தியபின் சில பலகைகளில் ஷார்ட் ஆகிறது. ஏன்?

பதில்: திருகை இறுக்கும்போது பலகை வளைகிறது, செராமிக் வளையாமல் விரிசல் விடுகிறது. அந்த விரிசல் பெரும்பாலும் சால்டர் முனைக்கு அடியில் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கெபாசிட்டரைத் துளையிலிருந்து இன்னும் தள்ளி, அதன் நீளவாட்டு பலகை வளையும் திசைக்குக் குறுக்காக இருக்கும்படி திருப்பி வையுங்கள். அதற்கும் வழியில்லையெனில் வளைவைத் தாங்கும் மென்முனை வகையை வாங்குங்கள். ஸ்டாண்ட்ஆஃப்கள் அனைத்தும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பதையும் அளந்து பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தால், அந்த மூலையில் திருகு பலகையை வளைத்துத்தான் உட்காரும்.