வெள்ளிக்கிழமை ராத்திரி அண்ணன் போன், மாசக் கடைசியில கார்டு பில்

கேள்வி: திருப்பூர்ல இருக்கேன் சார், வயசு 34, ஃப்ரீலான்ஸ் வீடியோ எடிட்டர். ஒரு மாசம் 1 லட்சம் வரும், ஒரு மாசம் 25 ஆயிரம்தான் வரும். போன 12 மாசத்துல கைக்கு வந்தது 6,60,000, டிடிஎஸ், அதாவது பணம் குடுக்கறவங்க முன்னாடியே பிடிக்கற வருமான வரி, 60 ஆயிரம் பிடிச்சது போக. வீட்டுச் செலவு மாசம் 50 ஆயிரம், வாடகை, ஸ்கூல், அம்மா மருந்து எல்லாம் சேர்த்து. அண்ணன் ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்காரு, கம்பெனிகளுக்கு கூலிக்கு தைச்சுக் குடுக்கறது, 12 மெஷின். சனிக்கிழமை ஆளுங்களுக்கு சம்பளம் போடணும்னு வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணுவாரு, ரொட்டேஷனுக்கு 10, 20ன்னு குடுப்பேன். இந்த வருஷம் 2,80,000 குடுத்து 90,000 திரும்ப வந்திருக்கு. கிரெடிட் கார்டுல 1,85,000 நிக்குது, மினிமம் டியூ, அதான் மாசம் கட்டியே ஆகவேண்டிய குறைஞ்ச தொகை, தவறாம கட்டிடறேன். வீட்ல கார்டு விஷயம் தெரியாது. எமர்ஜென்சி ஃபண்ட் சேர்க்கணும்னு தெரியும், முடியல. ரெண்டு மாசமா ஆப்ல டிஜிட்டல் கோல்டு தினம் 100 ரூபாய்க்கு வாங்கறேன், அதை கூட்டலாமா? அண்ணன் பார்ட்னரா சேர சொல்றாரு, சேரலாமா?

பதில்: எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி உங்களுக்கே தெரியுதுங்க, அதனால அந்தப் பாடத்தை விட்டுடலாம். நீங்க குடுத்த நம்பரையே ஒரு தாள்ல எழுதிப் பார்த்தேன். வந்தது 6,60,000, வீட்டுக்கு 6,00,000, மிச்சம் 60 ஆயிரம். அண்ணன்கிட்ட நிக்கிறது 1,90,000. கார்டு வட்டியா வருஷத்துக்கு ஒரு 55 ஆயிரம் போயிருக்கும்னு வெச்சு ரெண்டையும் கூட்டி, அந்த மிச்சம் 60 ஆயிரத்தை கழிச்சா, துண்டு விழறது 1,85,000, அதாவது உங்க கார்டு பாக்கி அப்படியே. வருமானம் ஏறி இறங்கறதாலதான் கடன்னு நீங்க நெனச்சிட்டு இருக்கீங்க, அது இல்லைங்க, வருஷக் கணக்குல உங்க வருமானம் வீட்டுக்கு போதுது, கார்டுல நிக்கிறது அண்ணன் யூனிட்டோட சனிக்கிழமை சம்பளம்.

மினிமம் டியூ தவறாம கட்டறேன்னு ஒரு திருப்தியோட எழுதியிருக்கீங்க, அங்கதான் எனக்கு கொஞ்சம் கோவம் வருது. கார்டுக்கு மாசம் மூன்றரை சதவீதம்னு வெச்சுக்கோங்க, 1,85,000க்கு 6,475, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் கிட்டத்தட்ட 7,600. மினிமம் டியூ 5 சதவீதம்னா நீங்க கட்டறது 9,250. அசல்ல குறையறது 1,600 சொச்சம்தான். அதுக்கு மேல பாக்கி நிக்கும்போது புதுசா தேய்ச்ச மளிகை சாமானுக்கும் அன்னிலேர்ந்தே வட்டி ஓடும், 45 நாள் சும்மா கிடைக்கற சலுகை எல்லாம் கிடையாது.

அண்ணனை நான் குறை சொல்லல. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்போ திருப்பூர் என்ன பாடு பட்டுச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா அவர் கைல ஏன் காசு இல்ல? அவருக்கு வேலை குடுத்த கம்பெனி தைச்சுக் குடுத்த பில்லுக்கு இழுத்தடிக்குது, பெரும்பாலும் அதுதான் காரணமா இருக்கும், கேட்டுப் பாருங்க. அப்படின்னா நீங்க கார்டுல வருஷம் 42 சதவீத வட்டிக்கு கடன் வாங்கி எவனோ ஒரு எக்ஸ்போர்ட்டருக்கு வட்டியில்லாம குடுத்துட்டு இருக்கீங்க, நடுவுல அண்ணன் பேரு, அவ்வளவுதான். சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்குள்ள காசு குடுக்கணும்னு சட்டமே இருக்கு, சின்னத் தொழிலுக்கான உத்யம்ங்கற அரசு பதிவு இருந்தா ஆன்லைன்ல புகாரும் குடுக்கலாம். குடுத்தா அடுத்த ஆர்டர் வராதுன்னு அண்ணன் பயப்படுவாரு, அந்த பயம் நியாயம்தான். சரி, யூனிட் பேர்ல சின்னத் தொழிலுக்கான முத்ரா லோன் பேங்க்ல கேக்கட்டும், அடமானம் வேண்டாம். பேங்க் குடுக்கமாட்டேங்குதுன்னா ஏன்னு நீங்களும் தெரிஞ்சுக்கறது நல்லது, பேங்க்காரன் பார்த்து பயந்த கணக்கை நீங்க பார்க்காமலே காசு குடுத்துட்டு இருக்கீங்க இல்லையா.

இந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே நேர்ல போங்க, போன்ல வேண்டாம். கார்டு ஸ்டேட்மெண்டை பிரிண்ட் போட்டு கொண்டு போய் கைல குடுங்க, "அண்ணா, இதுல நிக்கிறது நான் உங்களுக்கு குடுத்த காசு, இனிமே என்னால முடியாது" அப்படின்னு சொல்லிட்டு நிறுத்திக்கோங்க, விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா 10 ஆயிரம் குடுத்துட்டுதான் திரும்புவீங்க. வளர்த்துவிட்ட அண்ணன்னு மனசு கேக்கலைன்னா மாசம் 3,000 குடுங்க, திரும்ப வராதுன்னு முடிவு பண்ணிட்டு குடுங்க, கடன்னு பேரு வைக்காதீங்க.

அடுத்து வீட்ல சொல்லுங்க. சொல்லித்தான் ஆகணும், ஏன்னா கார்டை அடைக்க இருக்கற மலிவான வழி அவங்க நகைதான். பேங்க்ல நகைக் கடன் 10 சதவீதம்னு வெச்சா 1,85,000க்கு மாச வட்டி 1,550 மாதிரி வரும், இப்போ போறது 7,600. மாசம் 6,000 மிச்சம், அதையும் அசல்லயே கட்டுங்க. வட்டி மட்டும் கட்டி வருஷா வருஷம் மாத்தி வைக்கற பழக்கம் வேண்டாம். கார்டு லிமிட்டை 30 ஆயிரமா குறைக்க சொல்லி அன்னிக்கே பேங்குக்கு எழுதிடுங்க. அண்ணன்கிட்ட பேசறதுக்கு முன்னாடி மட்டும் நகையை வைக்காதீங்க, ஆறு மாசத்துல நகைக் கடனும் நிக்கும் கார்டும் திரும்ப நிறைஞ்சிருக்கும், இது நான் நிறைய வீட்ல பார்த்தது.

டிடிஎஸ் 60 ஆயிரம்னு போற போக்குல எழுதியிருக்கீங்க, ரிட்டர்ன் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அதனால போடலன்னுதான் நெனைக்கறேன். புது வரி முறையில வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சம் வரைக்கும் வரி வராது, உங்களோடது மொத்தமே 7,20,000. ரிட்டர்ன் போட்டா அந்த 60 ஆயிரம் திரும்ப வரும், ஒரு ஆடிட்டருக்கு கொஞ்சம் ஃபீஸ் குடுத்தாலும் பரவால்ல. வந்ததும் நகைக் கடன்ல கட்டுங்க. அது போனா பாக்கி 1,25,000, பாதி பயம் குறைஞ்சிடும்.

டிஜிட்டல் கோல்டு? 42 சதவீதத்துக்கு கடன் வெச்சுக்கிட்டு, வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி கட்டி, எந்த ரெகுலேட்டரும் கவனிக்காத ஒரு பொருளை தினம் 100 ரூபாய்க்கு. பங்குச் சந்தையை கண்காணிக்கற செபியே 2025 நவம்பர்ல இது எங்க கட்டுப்பாட்டுல இல்லன்னு எச்சரிக்கை விட்டிருக்கு. கூட்டறதை விடுங்க, ஆட்டோபேயை இன்னிக்கே நிறுத்தி இருக்கறதை வித்து கார்டுல கட்டுங்க.

பார்ட்னர் ஆகறது வேண்டவே வேண்டாம். பார்ட்னர்ஷிப்ல நீங்க சேர்ந்த அப்புறம் யூனிட் வாங்கற கடனுக்கு உங்க சொந்த சொத்தும் பொறுப்பு, அதுக்கப்புறம் ஏறற நூல்காரன் பாக்கி, மெஷின் லோன் எல்லாத்துக்கும் உங்களையும் கேப்பாங்க. இப்போ ஒரு வெள்ளிக்கிழமை முடியாதுன்னு சொல்லவாவது உங்களால முடியும், கையெழுத்து போட்ட அப்புறம் அதுவும் முடியாது. வற்புறுத்தினா யூனிட்டோட ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் வரவேண்டிய பில் லிஸ்ட்டும் கேளுங்க. பெரும்பாலும் அதோட பேச்சு நின்னுடும்.